துரைசானி என்ன சொல்றாங்க?

விசைத்தறி ஓடுகிற வீட்டில் டிவி வாங்குவது தண்டச் செலவு என்று அண்ணன் சொல்வார். சரிதான் ஐயா. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி. படம் தெரியும், பேச்சு கேட்காது. கேட்டாலும் அந்த நாடகம் இங்கிலீஷ். நான் பீளமேட்டில் பி.ஏ. படித்தவள். பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டு நங்கையாவுக்குச் சொல்வேன். நங்கையா என்றால் அண்ணன் மனைவி பொற்கொடி.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கேபிளில். பெரிய பங்களா, கையுறை போட்ட துரைசானி, குதிரையில் வரும் துரை. நங்கையா பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் ஒடித்துக்கொண்டே, "ஏனுங்க அம்மணி, தொரசானி என்னங்க சொல்றாங்க?" என்பார். படிச்ச புள்ள சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. முதல் மூன்று வாரம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

நான்காவது வாரம் தாராபுரத்திலிருந்து எனக்கு ஒரு ஜாதகம் வந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். கொண்டுவந்தது நங்கையாதான். "உங்களுக்கும்னு ஒரு ஊடு வேணுமல்லங்க, கண்ணு" என்றார். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என் வீடு ஐயா. அம்மா போனதிலிருந்து பதினோரு வருஷம் அண்ணனுக்குச் சோறு போட்டவள் நான். நேற்று வந்தவர் என்னை அனுப்புவதா?

அன்றைக்குத் துரைசானி சிரித்தபடி பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். "தொரைக்கு வெளியூர்ல இன்னொருத்தி இருக்கறாளாமுங்க. வேலைக்காரங்க அத்தன பேருக்கும் தெரியுமாம்" என்று சொன்னேன்.

அவ்வளவுதான். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துரை போவது செவ்வாய்க்கிழமைகளில் என்றேன். அண்ணன் கோயமுத்தூருக்கு நூலெடுக்கப் போவதும் செவ்வாய்க்கிழமைதான். துரை வீடு திரும்பியதும் முதலில் கைகால் கழுவுவார் என்றேன். யார்தான் கழுவ மாட்டார்கள்? நங்கையா அண்ணனின் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தார். சோறு இறங்கவில்லை. ஜாதகப் பேச்சும் நின்றுபோனது. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

கடைசி வாரம் நாடகத்தில் ஒரு கல்யாணம். துரையும் துரைசானியும் கைகோத்து ஆடினார்கள்.

"அப்பறம் தொரசானி என்னங்க பண்ணுனாங்க?"

"கொளத்துல எறங்கிட்டாங்களாமுங்க. இந்த ஆட்டமெல்லாம் தொரையோட பழைய நெனப்பு. போனதுக்கப்பறந்தான் அவருக்கு அவங்க அரும தெரிஞ்சுதாம்."

நங்கையா அவரைக்காயை அள்ளிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டத்துக் கிணற்றிலிருந்து நங்கையாவை எடுத்தார்கள். இதே ஸ்டேஷனில் நீங்கள் 'தீராத வயிற்று வலி' என்று எழுதிக்கொண்டீர்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது. "அவளுக்கு நான் என்ன கொற வெச்சேன், அம்மணி?" என்று அண்ணன் தினமும் கேட்கிறார். ஒரு குறையும் இல்லை ஐயா. அவர் நூலெடுக்கத்தான் போனார்.

இதைச் சொல்ல நான் வந்திருக்கவே மாட்டேன். ஆனால் அந்த நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். அண்ணன் தறியை நிறுத்திவிட்டார், ஒவ்வொரு பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. நடுவே பின்னாலிருந்து அவரைக்காய் ஒடிக்கிற சத்தம். தொரசானி என்னங்க சொல்றாங்க? பயமாக இருக்கிறது ஐயா. இந்தத் தடவை ஒரு வரி மாற்றாமல் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறேன். நங்கையாதான் நம்ப மாட்டேன் என்கிறார்.