முழுசா ஒடிச்சா மட்டும்

— இன்னொரு தடவை ஸ்டீரிங்க ஒடிங்க அண்ணே. இடப்பக்கம். இன்னும். போற வரைக்கும் போகட்டும்.

— போதுமா தம்பி? இதுக்கு மேல திரும்பாது.

— அப்படியே பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. கேக்குதா?

— எனக்கு ஒண்ணும் கேக்கல.

— ஏங்க, தெருக்கோடில இருக்கறவனுக்குக் கேக்குது. ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கற உங்களுக்குக் கேக்கலையா?

— நீ உன் ஊசியப் பாரு.

— ஊசியத்தான் பாக்கறேன். காது சும்மாதான இருக்கு.

— நேராக்குங்க அண்ணே. பாத்தீங்களா, நின்னுபோச்சு. நேரா இருந்தா வண்டி ஊமை. முழுசா ஒடிச்சா மட்டும் ரெண்டு குரல் வருது. கீச்சுனு வர்றது பெல்ட்டு. அதுக்கு அடியில முக்கி முனகறது ஸ்டீரிங் பம்ப்பு. அண்ணிகூட போன தடவை சொன்னாங்களே, பன்னிக்குட்டி மாதிரின்னு.

— பன்னிக்குட்டின்னு நான் எங்கப்பா சொன்னேன்? மூக்கடைச்ச குழந்தை அழற மாதிரின்னு சொன்னேன். பன்னிக்குட்டி நீ வளத்தது.

— சரி, குழந்தையே இருக்கட்டும். நாலாவது தடவை வருது இந்தக் குழந்தை. முதல்ல பெல்ட்டு மாத்தினேன். பத்து நாள்ல திரும்ப வந்தீங்க. அப்புறம் பெல்ட்ட இழுத்துப் பிடிக்கற உருளைய மாத்தினேன். அது இருபது நாள் தாங்குச்சு. போன தடவை மறுபடியும் புது பெல்ட்டு. இன்னிக்கு இங்க நிக்கறோம். ரோட்டுல உங்க வண்டி கத்திட்டுப் போனா, இது யாரு கைவேலைன்னு என்னைத்தான் கேக்கறாங்க.

— உன்ன யாரு தம்பி குத்தம் சொன்னா? வயசான வண்டி. கத்தட்டும் விடு.

— கத்தட்டும்னு விடற சத்தம் இல்ல அண்ணே இது. பம்ப்பு போச்சுன்னா ஸ்டீரிங் கல்லு மாதிரி இறுகிக்கும். பின்னாடி பீரோவும் கட்டிலும் ஏத்திட்டு வளைவுல போறப்ப இறுகினா, உங்க ரெண்டு கை பத்தாது.

— நிஜமாவாப்பா?

— பயமுறுத்தல அண்ணி. இருக்கறதத்தான் சொல்றேன். இன்னும் ஒரு மாசமோ என்னவோ.

— கேட்டுக்கிட்டீங்களா? இன்னிக்கு என்ன ஏதுன்னு தெரியாம வண்டி இங்கருந்து நகராது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. தைக்கறதுக்கு வேலை கையிலயே இருக்கு.

— யாருக்கு அண்ணி அந்தக் குட்டிக் கவுனு? ஊதா நல்லா இருக்கு.

— யாரு அளவு குடுத்தாங்களோ அவங்களுக்கு. நீ வண்டியப் பாரு.

— பாத்துட்டேதான் இருக்கேன். அண்ணே, இன்ஜின் ஓடட்டும், மறுபடி முழுசா ஒடிச்சுப் பிடிங்க. பெல்ட்டு மேல கொஞ்சம் தண்ணி தெளிக்கறேன். சத்தம் அடங்கினா ஏதோ ஒரு உருளை கோணலா நிக்குதுன்னு அர்த்தம். கூடினா பெல்ட்டு வழுக்குது.

— ஓடற மெஷின்ல கைய விடாதப்பா.

— விடல அண்ணி, எட்ட நின்னுதான் தெளிக்கறேன். ம்... கூடிடுச்சு. அணைச்சிடுங்க அண்ணே.

— புது பெல்ட்டு எப்படித் தம்பி வழுக்கும்?

— அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கறேன். இருங்க, தடவிப் பாக்கறேன். என்னமோ பிசுபிசுன்னு இருக்கு. இன்ஜின் ஆயில் ஒழுகினா கறுப்பா இருக்கும், நாறும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. அண்ணி, என் விரல மோந்து பாருங்க. இது எங்க கடை வாசனை இல்ல.

— இது என் மெஷின் எண்ணெய்.

— தையல் மெஷின் எண்ணெயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— இருபத்தஞ்சு வருஷமா இந்த வாசனையிலதான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அலமாரில இருக்கற குப்பி மாசாமாசம் காலியாச்சு. சரி, மெஷினுக்கு வயசாச்சு, நிறைய குடிக்குது போலன்னு நெனச்சேன். குடிச்சது மெஷின் இல்ல. ஏங்க, இங்க பாருங்க.

— சத்தம் போட்டா எண்ணெய் விடணும். எல்லாரும் செய்யறதுதான. நம்ம பின்கதவு கத்துச்சு, எண்ணெய் விட்டேன், நின்னுச்சு.

— கதவும் பெல்ட்டும் ஒண்ணா? என் மெஷின்ல பெல்ட்டு மேல ஒரு சொட்டு பட்டாக்கூட சாக்பீஸ் தேச்சுத் துடைச்சிட்டுத்தான் மிதிப்பேன். எண்ணெய் பட்டா சக்கரம் சுத்தும், ஊசி இறங்காது. எதிர்ல உக்காந்து பேப்பர் படிச்சீங்களே இத்தனை வருஷம், ஒரு நாளாவது நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— எத்தனை நாளா அண்ணே விடறீங்க?

— காலைல கிளம்பறப்ப. நாலு சொட்டுதான்.

— தினமுமா? போச்சு. நான் பெல்ட்டு மாத்த, நீங்க எண்ணெய் விட, நான் மறுபடி மாத்த. ரெண்டு பேரும் சேந்து நல்ல வேலை பாத்திருக்கோம். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. இங்க வந்தா கத்தட்டும் விடுன்னு சொல்றீங்க. வீட்டுல திருட்டுத்தனமா எண்ணெய் விட்டு வாய மூடறீங்க. அந்தச் சத்தத்த யாருக்குக் கேக்காம மறைக்கறீங்க?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— சரி, ஒண்ணுமில்லாமலே இருக்கட்டும். பெல்ட்டு கத்தினதுக்கு ஆள் சிக்கியாச்சு, பம்ப்பு ஏன் முனகுதுன்னு பாப்போம். மூடியத் திறக்கறேன். அண்ணே, இந்த ஆயில் நான் ஊத்தறப்ப சிவப்பா இருந்துச்சு. இப்பப் பாருங்க, கருகின வாசனை.

— வெயில்ல ஓடற வண்டி. கருகும்.

— வெயிலுக்கு இது கருகாது. ஸ்டீரிங்கக் கடைசி வரைக்கும் ஒடிச்சு, அங்கேயே அழுத்திப் பிடிச்சுட்டு, முன்ன பின்ன முன்ன பின்னன்னு எடுத்தாத்தான் கருகும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. தினமும். எந்த வழியா அண்ணே போறீங்க வர்றீங்க?

— கடையில ஏத்தறது, சொன்ன வீட்டுல இறக்கறது. வேற எங்க.

— எல்லாம் லாரி போற ரோடு தானப்பா. நான் பக்கத்துல உக்காந்து போயிருக்கேனே, கஷ்டப்பட்டு ஒடிக்கற இடமே கிடையாது.

— அப்படின்னா முன்சக்கரத்துல ரெண்டு ஓரமும் எப்படி அண்ணி தேஞ்சுது? இதோ, பம்பர் முனையப் பாருங்க. பச்சை பெயிண்டு. கோட்டு மேல கோடு, எல்லாம் ஒரே உயரத்துல. ஏதோ ஒரு பச்சைச் செவுத்துல தினம் உரசுது.

— குடோன் செவுரு அது.

— குடோன் செவுரு சாம்பல் கலருங்க.

— ஒரு டீ குடிச்சிட்டு வந்து பேசுவோமா தம்பி?

— வந்ததுலேர்ந்து மூணு குடிச்சாச்சு அண்ணே. குறுகலான முட்டுச்சந்து ஏதோ ஒண்ணு இருக்கு. அங்க போய் வண்டியப் பிசைஞ்சு பிசைஞ்சு திருப்பறீங்க. இது வண்டில இருக்கற கோளாறு இல்ல, போற இடத்துல இருக்கற கோளாறு. அண்ணி, என்ன ஆச்சு, விரல்ல ஏத்திக்கிட்டீங்களா?

— ஒண்ணுமில்லப்பா. நூல் முடிச்சு. ஏங்க, எந்தச் சந்து?

— தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு.

— அங்க நமக்கு யாரு பீரோ கேட்டா?

— யாரும் கேக்கல.

— அண்ணே, நான் வேணா கொஞ்சம் வெளில போய் நிக்கவா?

— எதுக்குத் தம்பி? உன் கடை இது. நீ பெல்ட்டக் கழட்டு, நான் பாட்டுக்குச் சொல்றேன். உன் கை ஏதாவது செஞ்சிட்டு இருந்தா எனக்கும் பேச வரும். அந்தச் சந்துல கடைசி வீடு எங்க பையன் வீடு.

— உங்களுக்குப் பையன் இருக்கானா? மூணு வருஷமா வர்றீங்க, ஒரு நாள் சொன்னதில்லையே.

— நாலு வருஷம் ஆச்சு. இதே வண்டிதான். லோடு இறக்கிட்டு வந்துட்டிருந்தோம். அப்பா, உங்களுக்குக் கண்ணு மங்குது, ஓரத்துல இடிக்கறீங்க, சாவியக் குடுங்க, இனி நான் ஓட்டறேன்னான். இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன்கிட்ட. ஓரமா நிறுத்தி, இறங்குடான்னேன். வண்டிய விட்டுத்தான் இறங்கச் சொன்னேன் தம்பி. அவன் வீட்ட விட்டே இறங்கிட்டான். பொண்டாட்டியக் கூட்டிட்டு அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டான்.

— வீட்டுக்கு வந்து நீங்க என்ன சொன்னீங்க? அதையும் சொல்லுங்க. இனி அவன் பேரு இந்த வீட்டுல வரக்கூடாதுன்னு.

— நீ மட்டும் என்ன சொன்ன? அவனா வந்து வாசல்ல நிக்கற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாதுன்னு.

— அது கோவத்துல சொன்னது.

— நானும் சிரிச்சுக்கிட்டா சொன்னேன்?

— அண்ணே, அந்தப் பன்னெண்டு ஸ்பேனர எடுங்க. உங்க காலுக்கிட்ட. ம், சொல்லுங்க.

— என்னத்தச் சொல்றது. கடைசி லோடு இறக்கினதும் சந்துக்குள்ள போவேன். நிறுத்த மாட்டேன். வழி தெரியாம வந்துட்ட மாதிரி திருப்பிட்டு வந்துடுவேன். புதன்கிழமை மட்டும் போறதில்ல. அன்னிக்கு இவ நூல் வாங்கப் போயிடுவா, வீட்டுல ஆள் வேணும். கீச்சுனு கத்தினா யாராவது எட்டிப் பாப்பாங்க. என் வண்டின்னு அவனுக்குத் தெரியாதா? அதான் எண்ணெய்.

— எண்ணெய் விட்டதாலதான் அண்ணே அதிகமாக் கத்துச்சு.

— அது இப்பத்தான தெரியுது. கத்த ஆரம்பிச்சதும் இன்னும் ரெண்டு சொட்டு சேத்து விட்டேன்.

— ஏங்க, அவங்கள்ல யாரையாவது பாத்தீங்களா? பேசினீங்களா?

— இல்ல. அந்தச் செவுத்துக்கு மேல கொடி தெரியும். ஒரு நாள் அதுல ஒரு உடுப்பு காஞ்சுது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சரி, யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் கொஞ்சம் பெருசாச்சு. இப்ப மஞ்சள்ல ஒண்ணு போடறாங்க, வெள்ளைக் காலர் வெச்சு. பேரனா பேத்தியான்னு இன்னி வரைக்கும் தெரியாது. யாருகிட்டக் கேக்கறது? உன்கிட்டச் சொன்னா சாப்பாட்டுத் தட்டத் தூக்கி வெளில வெச்சிடுவன்னு பயம்.

— அவ்வளவு கொடுமைக்காரியா நான்?

— ஏதாவது சொல்லேன்.

— என்ன சொல்ல. இன்னும் ரெண்டு பட்டன் இருக்கு, தைச்சுக்கறேன்.

— அண்ணே, பெல்ட்டு ஏறிடுச்சு. உருளையெல்லாம் துடைச்சாச்சு, பம்ப்புல புது ஆயில் ஊத்தியாச்சு. ஸ்டார்ட் பண்ணி ஒடிங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கேக்குதா?

— கேக்கல தம்பி. இந்தத் தடவை நிஜமாவே.

— எனக்கும் கேக்கல. ஆனா நாளைக்கு அந்தச் சந்துல அதே மாதிரி திருப்பினீங்கன்னா, அடுத்த மாசம் பம்ப்ப கையில எடுத்துட்டு வருவீங்க. உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அங்க போறத விட்டுடுங்க.

— ரெண்டாவது?

— அந்த வீட்டு கேட்டுல வண்டி மூக்கு நுழையுமா?

— நுழையும். அகலமான கேட்டுதான்.

— அப்ப முடிஞ்சுது வேலை. கேட்டு திறந்திருந்தா மூக்க உள்ள விட்டு, ஒரே வெட்டுல பின்னாடி எடுத்து வந்துடலாம். முழுசா ஒடிக்கவே வேண்டாம். பம்ப்புக்கும் நோவு இல்ல.

— நாலு வருஷம் கழிச்சுப் போய், வண்டி திருப்பணும், கேட்டத் திறடான்னு சொல்லவா?

— வேற என்ன சொல்லப் போறீங்க? உங்களுக்கு வண்டியத் தவிர வேற பேச்சு வராதே.

— தட்டினாத் திறப்பானோ மாட்டானோ. பூட்டு வேற தொங்கும் தம்பி. என்கிட்ட வளந்தவன், ரெண்டு தடவை இழுத்துப் பாக்காம நகர மாட்டான்.

— அந்த கேட்டப் பூட்டறதில்லைங்க. உள்பக்கம் கொக்கிதான், மேல கைய விட்டுத் தூக்கினாப் போதும். வண்டிய எடுங்க, பட்டன் தைச்சாச்சு. பேத்திக்கு அந்த மஞ்சக் கவுனு கையிடுக்குல பிடிக்குது.