பூஜை போட்ட வண்டிக்கு எட்டு

காற்புள்ளி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், இன்ஸ்பெக்டர் மேடம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிழை திருத்தி அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவேன். அதனாலோ என்னவோ, இப்போது யாரும் பத்திரிகை வைப்பதில்லை.

சங்ககிரியில் சின்னுசாமி அண்ணனின் லாரி ஷெட்டுக்கு ஒரு பார்சர், அதாவது கோப்பைப் படித்துச் சரிபார்க்கும் நிரல், எழுதிக் கொடுத்தேன். பிரமாதமான வேலை ஒன்றுமில்லை. ஒவ்வொரு லோடுக்கு முன்னாலும் ஃபிட்டர் யோகேஷ் வண்டி எண், டிரைவர் பெயர், பிரேக் லைனிங் தேயாமல் எத்தனை மில்லிமீட்டர் கனம் மிச்சம் என்று ஒரு கோப்பில் அடிப்பான். என் நிரல் காற்புள்ளிக்குக் காற்புள்ளி வெட்டிச் சரிபார்க்கும். லைனிங் ஆறுக்குக் கீழே போனாலோ, எண் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்தாலோ சிவப்பு. சிவப்பு விழுந்த வண்டி கிளம்பக்கூடாது. விசிட்டிங் கார்டில் 'மென்பொருள் வல்லுநர்' என்று போட்டுக்கொள்ள எனக்கு இது போதும்.

முதல் அமாவாசையிலேயே மானம் போயிற்று. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய பிறகு அங்கே யாரும் வீலைக் கழற்றி லைனிங்கை அளக்கத் துணியமாட்டார்கள். அளவு எடுக்காமல், எண் வர வேண்டிய இடத்தில் 'பூஜை போட்டாச்சு' என்று அடித்துவைத்திருந்தான் யோகேஷ். ஒன்பது வண்டியும் சிவப்பு.

"ஏனுங்க தம்பி, பூஜை போட்ட வண்டிய உங்க கம்ப்யூட்டரு நிறுத்துதுங்களா?" என்றார் அண்ணன். ஷெட்டே சிரித்தது. என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்குத் தாங்காது.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'பூஜை' என்று வந்தால் எட்டு என்று எடுத்துக்கொள். ஏன் எட்டு என்று கேட்பீர்கள். பார்க்க அளந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எல்லாம் பச்சையானது. அண்ணன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போன அமாவாசைக்கு டிரைவர் குணசீலன் ஷெட்டிலிருந்து போன் செய்தார். "தம்பி, பிரேக்கு சரியாப் புடிக்க மாட்டீங்குதுங்க. உங்களக் கேட்டுக்கச் சொல்றான் யோகேசு. வண்டிய எடுக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"

திரையில் அவர் வண்டிக்கு எட்டு. அது யார் போட்ட எட்டு என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். "எட்டு இருக்குதுங்கண்ணா, தைரியமா எடுங்க" என்றேன்.

லோடோடு திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவரும் போனார், முன்னால் போன காரில் இருந்த மூன்று பேரும் போனார்கள்.

எனக்கும் மனசாட்சி இருக்கிறது மேடம். சாவுக்குப் போய் வந்து குளித்ததும் முதல் வேலையாக நிரலைத் திருத்திவிட்டேன். இப்போதெல்லாம் 'பூஜை' என்று வந்தால் எட்டு போடாது. ஏழுதான் போடும்.