எலியின் மூச்சுச் சத்தம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர், கல்யாணத்துக்குப் போகிறவர்கள். ஒருவர் மலைமேல் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பராமரிப்பவர். மற்றவர் அவருடைய மாமா, விவசாயி.

“எலிக்குச் சளி புடிச்சிருச்சுங்க மாமா.”

“எங்க காட்டு எலிக்குப் புடிச்சாப் பொங்கலே வெப்போம் மாப்ள.”

“சிரிக்காதீங்க. தெனமும் ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வெச்சு மூச்சுச் சத்தம் கேட்டு நோட்டுல எழுதோணும். ஒண்ணுக்கு நெஞ்சு கரகரன்னுச்சு. என் கையில தானா வந்து உக்காருமுங்க அது. மனசு கேக்காம ‘நலம்’னு எழுதிப்போட்டேன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“அதே கூண்டுல இன்னும் நாலுக்குக் கரகரங்குது. எங்க மேலதிகாரி டாக்டர் துரைகிட்டச் சொன்னா அந்த ரூம் எலி அத்தனையும் கொல்லச் சொல்லுவாரு. கொல்லறதும் நாந்தானுங்க.”

“சொல்லாட்டி?”

“பக்கத்து ரூமுக்கும் பரவிப்போகும்.”

நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாலு புத்தகம் படித்தவன் அல்லவா.

துடியலூரில் பஸ் நின்றதும் எலிக்காரர் விருட்டென்று இறங்கி, எதிர்ப்பக்கம் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றார்.

“ஏனுங் மாப்ள! கலியாணத்துல கேட்டா என்னன்னு சொல்றது?”

“ஒரு சாவுக்குப் போயிட்டான்னு சொல்லிப்போடுங்க மாமா.”