சத்தத்தைக் கூட்டு தம்பி

மாலை ஐந்தரை மணி. மெயின்லேண்டில் அந்நேரம் வெயில் இருக்கும். நம் தீவில், டிசம்பர் மாதத்தில், முழு இருட்டு. ரோடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது... தண்ணீர்தான் ரோடு. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. நடுவில் ஒரு படகு. அதில் இரண்டே பேர்.

கிட்டே வந்து உட்காருங்கள். கப்பல் காலையில்தான் என்று சொல்லிவிட்டார்கள், கரண்டும் போய்விட்டது. இந்த ஃபீனிக்ஸ் பே கப்பல்துறை ஹாலில் வேறென்ன செய்யப்போகிறோம். பேய்க் கதை கேட்டது நீங்கள்தான். அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று எழுப்பினால் நான் வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் கௌதம். என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் ஜெயலட்சுமியின் தம்பி. இங்கேயே டாலிகஞ்சில் கடை. படகுகளுக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொடுப்பதுதான் பிழைப்பு. படகுக்காரர்கள் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள் என்பான். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது. அலை மேலே அடித்தாலும் பாட வேண்டும். ஈரக் கையால் திருகினால் ஷாக் அடிக்கக் கூடாது. காம்பஸ் பக்கத்தில் மாட்டிவிடாதே, காந்தம் இழுத்து முள் தப்புத் திசை காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இன்ஜினை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும். டூரிஸ்ட் ஆடினால்தானே நாலு பேரிடம் சொல்வான்.

சிவப்பிரகாசம் மட்டும் வேறு மாதிரி. இங்கே டூரிஸ்ட் படகு வைத்திருப்பவர், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். கௌதம் மாட்டிய ஸ்பீக்கர், படகு அணையும் ஜெட்டியில் நிற்பவன் காதையே கிழிக்கும். மறுவாரமே கடைக்கு வந்து நிற்பார்.

"ஆவாஸ் பத்தல தம்பி. அவுர் ஜோர். இன்னும் சத்தமா வேணும்."

அதைவிடப் பெரியதாக மாட்டினான். திரும்ப வந்தார். பத்தல. கண்ணெல்லாம் சிவந்து, ஆள் தூங்கி எத்தனையோ நாளான முகம். கௌதமுக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"இன்ஜின் சத்தம் அமுங்குதுல்ல அண்ணே? அப்புறம் என்ன?"

"இன்ஜினைப் பத்தி நான் எப்பப்பா சொன்னேன்?"

அவ்வளவுதான் சொன்னார். ஒரு தடவை என்னோடு வந்து நீயே கேட்டுப் பார் என்று கூப்பிட்டார். டூரிஸ்ட் யாரும் வேண்டாம், நாம் இரண்டு பேர் போதும் என்றார். இவனும் பெரிய மனிதர் கூப்பிடுகிறாரே என்று ஏறிவிட்டான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படகில் ஐயாவு என்று ஒருவன் வேலை பார்த்தான். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் குடும்பம், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கையில் அந்தப் புளித்த பால் வாடை போகவே போகாது என்று மற்ற பையன்கள் கேலி செய்வார்கள். மழைக்காலம் முடிந்த புதிதில் ஒரு நாள், திரும்பி வரும்போது, பின்பக்கம் கயிறு சுருட்டப் போனவன் தவறி விழுந்துவிட்டான். டூரிஸ்ட்டுகள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெட்டியில் கயிறு வீச ஆளைத் தேடியபோதுதான் தெரிந்தது. முதலை நடமாடும் ஓடை... உடம்பு கிடைக்கவில்லை. "பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று சிவப்பிரகாசம் சொன்னார். நாங்கள் எல்லோரும் நம்பினோம். பாவம், அவர்தான் என்ன செய்வார் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

சரி, படகுக்கு வாருங்கள். பாட்டு பாதிச் சத்தத்தில் ஓடுகிறது. டீசல் வாடை, சேற்று வாடை. ஓடை வாய்க்கு வந்தார்கள். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை. நடுவில் அந்தச் சின்ன இடைவெளி இருக்கிறதே...

"அண்ணே... ஏத்திக்கோங்கண்ணே..."

பின்னாலிருந்து. தண்ணீர் மட்டத்திலிருந்து. கத்தவில்லை. மூச்சு வாங்க, மரியாதையாகக் கூப்பிடுகிற குரல். கௌதம் திரும்பிப் பார்த்தான். படகு கிழித்துப்போட்ட வெள்ளை நுரை. வேறொன்றும் இல்லை. ஆனால் வாடை மாறியிருந்தது. புளித்த ரப்பர் பால்.

"யாரோ விழுந்து கிடக்காங்கண்ணே. படகைத் திருப்புங்க."

சிவப்பிரகாசம் திரும்பவே இல்லை. "எத்தனையோ தடவை திருப்பிட்டேன். ஆள் இருக்க மாட்டான். இன்ஜினை நிறுத்தினா அடியிலேர்ந்து தட்டுவான்."

அடுத்த பாட்டு தொடங்கியது. அதற்குள்ளேயும் குரல் கேட்டது. இப்போது இன்னும் கிட்டே. டக்... டக்... டக். காலுக்குக் கீழே, பலகையில்.

"அன்னைக்கும் கேட்டுச்சு தம்பி" என்றார் சிவப்பிரகாசம். "டூரிஸ்ட்டுப் பசங்க பாட்டோட சேந்து கத்துறாங்கன்னு நினைச்சேன். ஜாலியா இருக்கட்டும்னு... இந்தக் கையாலதான் கூட்டினேன்."

டக். டக்.

"என் கை வர மாட்டேங்குது. நீ கூட்டு தம்பி. சத்தத்தைக் கூட்டு."

உங்களைக் கேட்கிறேன், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவனும் அதைத்தான் செய்தான். திருகினான். கடைசி வரைக்கும் திருகினான். குரல் நின்றது. தட்டலும் நின்றது. சிவப்பிரகாசம் ஜெட்டி வரும் வரை ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே வந்தாராம்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். நன்றாகத் தூங்கி எழுந்த குரல். "அந்தப் பெருசெல்லாம் கழட்டிடு தம்பி. சின்னதா ஒண்ணு போதும். இனிமே எல்லாம் டீக் ஹை."

போனை வைத்தான். கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து விளம்பரம் வருவதற்குள்...

"கௌதம் அண்ணே... ஏத்திக்கோங்கண்ணே..."

நானும் ஜெயலட்சுமியும் அவனைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். டிவி சத்தம் தெரு முனைக்கே கேட்டது. ஆள் பாதியாகியிருந்தான். மனைவி பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்தாள். மூத்தவள் சங்கவி, யூகேஜி படிக்கிற பிள்ளை, தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். நான் இப்போது சொன்னதெல்லாம் அவன் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னதுதான்.

சொல்லி முடித்துவிட்டு, ரிமோட்டை அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா... சத்தத்தைக் கொஞ்சம் கூட்டேன்."

ஜெயலட்சுமி அழுதுகொண்டே கையை நீட்டிவிட்டாள். கூடப் பிறந்தவள் இல்லையா. நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எனக்கு வந்த பயத்தில் நகம் பதிந்துவிட்டது.

"தொடாதே ஜெயா. எந்திரி, போகலாம்."

கௌதம் கோபப்படவில்லை. எங்களைப் பார்த்தான். ரிமோட்டைத் தரையில் வைத்தான். நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் டிவி சத்தம் கூடியது. இன்னும் கொஞ்சம் கூடியது. ஜெயலட்சுமி உள்ளே ஓடினாள். கௌதம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். ரிமோட் அவன் கையில் இல்லை.

கௌதம் தேறிவிட்டான். கடையைத் திறந்துவிட்டான், நன்றாகச் சாப்பிடுகிறான். அந்த வீட்டில் இப்போது டிவியே ஓடுவதில்லை. பிள்ளைதான் சோற்றுத் தட்டின் முன்னால்கூட இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் ஜெயலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, கையை மெதுவாக விலக்கி, என்னடா கண்ணு என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு அங்கிள் தண்ணிக்குள்ள நிக்கிறாங்க அத்தை. ஏத்திவிடச் சொல்றாங்க. அப்பா பேசாம இருங்கிறாங்க... நான் கை குடுக்கட்டா?"