தொப்பம்பட்டி நிலத்துக்கு நான் போட்ட மார்க்

தொப்பம்பட்டிப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் சவர்ப்புதான் சார், ஆனால் குடிக்கலாம். கிணற்றுக்குப் பத்துக்கு ஏழு போட்டேன். மண்ணுக்கு எட்டு.

முப்பத்தோரு வருடம் பேகம்பூர் தோல் மண்டியில் தரம் பிரித்தவன் நான். தோலைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லக் கூடாது. எங்கே கிழியும் என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஊரடங்கில் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். என் மனைவி ஷரீஃபாவுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் தீர்ந்த அன்று, மூச்சுக்குத் தவித்தவளை மடியில் சாய்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி உட்காரக் கூடாது என்று முடிவு செய்தேன். உலகமே அடைபட்டாலும் நாங்கள் பிழைக்க ஓர் இடம் வேண்டும். கிணறு, சோலார், மாடு, ஒரு வருட அரிசி.

வாங்குவதற்கு முன் அந்தத் தொப்பம்பட்டித் தோட்டத்து வீட்டில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்தோம். ஒன்றுக்கு மட்டும் மார்க் போட முடியவில்லை. ஆபத்து என்றால் எவ்வளவு நேரத்தில் உதவி வரும்?

முதலில் எனக்கு நெஞ்சு வலி என்று பொய்யாகப் போன் செய்தேன். பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமி நான்கே நிமிடத்தில் வந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க பாய், உசுரோட வெளையாடுறதுக்கு ஒரு அளவு இல்லீங்களா?” என்றார்.

ஷரீஃபா கூனிக் குறுகிப் போனாள். “என்னங்க, இனிமே அந்த மனுசன் மொகத்துல எப்படி முழிப்பேன்?”

அவர்கள் கேட்டது நியாயம். பொய்ச் சோதனைக்குப் போடும் மார்க்கும் பொய்தான்.

அதனால் செவ்வாய்க்கிழமை காலை அவளை மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் ஒதுக்கச் சொன்னேன். அந்தத் தூசி அவளுக்கு ஆகாது. இருமத் தொடங்கியதும் ஆம்புலன்ஸுக்கும் மொக்கைச்சாமிக்கும் போன் செய்துவிட்டு மணி பார்த்தேன்.

“என்னங்க... பஃப்பு... அலமாரியில வச்சேனே...”

“தேடுறேம்மா” என்றேன். தேடவும் செய்தேன், இரண்டு அறையிலும்.

பழசை மனதில் வைக்காமல் மொக்கைச்சாமி ஆறு நிமிடத்தில் வந்துவிட்டார். அவர் மனைவி சுந்தரம்மாள், ஷரீஃபாவைத் தாங்கிப் பிடித்து முதுகை நீவிவிட்டாள். மொக்கைச்சாமியின் பைக்கில் உட்கார ஷரீஃபாவால் முடியவில்லை. ஊரில் இருந்த ஒரே வேன் பழனிக்குப் போயிருந்தது.

“பாய், அந்த ஊதுற மருந்து எங்கீங்க? நல்லாப் பாருங்க பாய்” என்று மொக்கைச்சாமி அழுதார்.

அது என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் அப்போதே பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. நடுவில் கொடுத்தால் அந்தப் பத்தொன்பதும் வீண். அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்றாவது நிமிடம் பார்ப்பதை நிறுத்தினாள். ஆம்புலன்ஸ் நாற்பத்தொன்றில் வந்தது.

உங்கள் மேஜையில் இருக்கும் இன்ஹேலர் அதேதான் சார். புதுசு. ஒரு தடவைகூட ஊதவில்லை.

என் நோட்டில் கடைசி வரியைப் படித்திருப்பீர்கள். “அவசர உதவி: பத்துக்கு இரண்டு. நிலம் வேண்டாம்.” அப்படி ஓர் இடத்தில் ஷரீஃபாவைக் குடிவைத்து, அவள் உயிரோடு விளையாட எனக்கு மனம் வரவில்லை.