மாப்பிள்ளையின் இரும்புச் சட்டி

ஸ்டேக் போடுவதென்றால், உப்புத் தடவிய தடித்த இறைச்சித் துண்டை அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பில் போட வேண்டும். இதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தத் தகராறும் இல்லை என்பதை, அம்மாடி, நீ முதலில் மனதில் வாங்கிக்கொள். தகராறெல்லாம் சட்டியில்தான்.

தலை நரைக்கும்வரை பாத்திரக்கடை வாசலில் நின்று நான்ஸ்டிக் சட்டி விற்றவன் நான். எண்ணெயே விடாமல் முட்டையை உடைத்து ஊற்றிச் சட்டியைச் சாய்த்தால், அது வழுக்கிக்கொண்டு தட்டில் போய் உட்காரும். கூட்டம் கைதட்டும். அந்த முட்டைகளைத் தின்றுதான் நீ வளர்ந்தாய்.

உன் புருஷன் நம் வீட்டுக்கு வரும்போதே வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றோடு வந்தார். அதைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது; துடைத்து, எண்ணெய் பூசி, சூடுகாட்டி வைக்க வேண்டும். வருஷக்கணக்காக எண்ணெயில் பழக்கிக் கறுப்பேற்றிய சட்டியாம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதுகூட இந்த வீட்டில் யாரும் அவ்வளவு எண்ணெய் தேய்த்துவிடவில்லை. பொறாமை என்று நினைக்காதே. பொறாமைப்படுகிற வயதா எனக்கு?

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னார்: "தடிச்ச இரும்பு சூட்டப் பிடிச்சு வச்சுக்கும் மாமா. பச்ச இறைச்சி விழுந்தாலும் அசராது. உங்க சட்டியில முட்ட வேணா சறுக்கு விளையாடும். ஸ்டேக் போட்டா குளிச்சிட்டுத்தான் வெளிய வரும்."

நீ சிரித்தாய். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு கறிக்கடைக்காரர் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டேக்கைத் தின்று பார்ப்பார். பிடித்துவிட்டால் கடையின் முன்பாதியில் மாப்பிள்ளை அடுப்புப் போட்டு வியாபாரம் செய்துகொள்ளலாம். இவரும் வேலையை விடப்போவதாக மேலாளரிடம் சொல்லியே விட்டார். இவ்வளவு பெரிய காரியத்துக்கு அழுக்குச் சட்டியோடு போகலாமா? எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை நீங்கள் இருவரும் வெளியே போயிருந்தீர்கள். ஊரிலிருந்து வந்திருந்த உன் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். லேசாகக் கழுவினேன். சோப்பு சும்மா பேருக்கு. கறுப்பு போகாததால் கம்பி நார். அதற்கும் மசியாததால் வினிகரில் கொஞ்சம் ஊறல். கடைசியில், வேறு வழியில்லாமல், டிரில்லில் உப்புத்தாள் சக்கரத்தை மாட்டினேன். சட்டியில் என் முகமே தெரிந்தது. சாந்தமான முகம். தூள் போகக் கழுவி, ஈரத்தோடு அலமாரியில் வைத்தது மறதி. மறதி இல்லை என்று நீ சொன்னால் வாதாட மாட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை அதை எடுத்தபோது ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்திருந்தது. மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு இதக் கழுவுனது?"

சுத்தமான டம்ளரையும் விடாமல் கழுவுகிறவர் உன் மாமியார். "நானாத்தான்டா இருப்பேன். கண்ணுல பட்டதெல்லாம் கழுவிட்டேனே," என்று அழுதார்.

"விடுங்க சம்பந்தியம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்," என்று நான் தேற்றினேன். வேறு யாரும் தேற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள். அடுத்த பஸ்ஸுக்கு அவர் கிளம்பியபோது பையைச் சுமந்துகொண்டு நிறுத்தம்வரை போனதும் நான்தான்.

அன்று சாயங்காலம் என் சட்டியைப் பெருந்தன்மையோடு கொடுத்தேன். இறைச்சி விழுந்ததும் சட்டி சத்தத்தை நிறுத்திக்கொண்டது. தண்ணீர் விட்டுக்கொண்டு, சாம்பல் நிறத்தில், துவைத்த காலுறை மாதிரி வெந்தது. கறிக்கடைக்காரர் ஒரு வாய் மென்றார், நெடுநேரம்.

"தம்பி, இத வறுத்தீங்களா, குளிப்பாட்டுனீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு மாப்பிள்ளை மேலாளர் முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

டிரில்லில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளை நீ பார்த்துவிட்டாய். சரி, நான்தான். ஆனால் நான் கெடுத்தது சட்டியைத்தான், ஸ்டேக்கை அல்ல. எந்தச் சட்டியில் போட்டாலும் ஸ்டேக் ஸ்டேக்தான். கறிக்கடைக்காரருக்கு நாக்கு சரியில்லை. நான் முழுத் துண்டையும் ரசித்துத்தான் கடித்தேன். பஞ்சு மாதிரி இருந்தது என்று யாரிடம் வேண்டுமானாலும் வாய் திறந்து சொல்வேன். அதற்கு முன்னால், அந்தத் தட்டில் கிடக்கிற ஸ்டேக்கிலிருந்து என் பல்செட்டை மட்டும் யாராவது பிடுங்கிக் கொடுங்கள்.