மாப்பிள்ளைக்கு ரன் அவுட்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அத்தனை பேரு வெளையாட, நா கட்டிக்கப்போறவருக்குத்தான் ஒனக்கு அவுட்டு குடுக்கத் தோணுச்சாண்ணே?”

“ரெண்டு ஊருக்கும் வேண்டியவன்னு அவங்கதானம்மா என்னைய அம்பயரா நிக்கச் சொன்னாங்க.”

“நேத்துலேருந்து அவரு போனே பண்ணல.”

“நம்ம பயலுக செல்லுல பாத்தா ரன் அவுட்டு. அவங்க செல்லுல நாட் அவுட்டுங்கிறாங்க. நா என்னத்தப் பண்ண?”

அவள் கையிலிருந்த செல்போன் சிணுங்கியது.

“அண்ணே, அவருதான். வீடியோவ அனுப்பி, ‘நீயே பாத்துச் சொல்லு’ன்னு கேக்குறாரு.”

இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்தார்கள். ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் பார்த்தார்கள்.

“பேட்டு கோட்டுக்கு வெளியதாண்ணே இருக்கு.”

“அத அப்படியே சொல்லிப்புடாத ஆத்தா.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஒண்ணுமே சொல்லாத. பஸ்ஸுல டவர் கெடைக்கல, வீடியோவப் பாக்கலன்னு பெறகு சொல்லிக்குவோம்.”

அவள் செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நா பாத்துட்டேன்னு நீல டிக்கு விழுந்துருச்சுண்ணே. அவரு இன்னும் ஆன்லைன்லதான் இருக்காரு.”